ஊசித் தடம்

வாப்பாவின் இடது கையைத் தேய்க்கிற சாக்கில் மெல்லத் திருப்பி, முழங்கையின் உள்மடிப்பில் ஊசி குத்திய தடம் இருக்கிறதா என்று பார்த்தான் தப்ரேஸ். இல்லை. வலது கையிலும் இல்லை. சந்தேகம் பிடித்தவனுக்கு இல்லாததும் ஒரு சாட்சிதான். தங்கை வேறெங்காவது குத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"தண்ணிய ஊத்துப்பா. என்னத்தத் தேடுத?" என்றார் வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்ட வந்த ஜெயினுலாப்தீன் மோதினார்.

வீட்டின் கீழறையிலேயே பலகை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். வெளியே தாராவிச் சந்து முழுக்கச் செருப்புகள். மேலறையில் உம்மாவும் மற்றப் பெண்களும் ஓதுவது கேட்டது. தங்கை ஷைஸ்தாவின் குரல் மட்டும் அதில் இல்லை.

வாப்பா கரீம் பாட்சா நேற்றுவரை நைன்டி ஃபீட் ரோட்டுத் தோல்பைப் பட்டறையில் நின்று வேலை வாங்கிய மனிதர். மகள் டாக்டருக்குப் படிப்பதைக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிவைத்தவர். காலையில் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தவர், கைகால் கழுவ உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிட்டார்.

தப்ரேஸுக்கு ஒரு மாதமாகவே உறுத்தல். இரவு இஷா தொழுகை முடிந்ததும் வாப்பா இரும்பு ஏணியில் மேலறைக்கு ஏறிவிடுவார். மேலே ஷைஸ்தா படித்துக்கொண்டிருப்பாள். தப்ரேஸ் ஏணியில் கால் வைத்தால் போதும், பேச்சு நின்றுவிடும். இறங்கும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டே இறங்குவார். கேட்டால், "சும்மா பேசிட்டிருந்தோம்ல. காலிபீலியா, வீணா டென்ஷன் எடுக்காத" என்பார். சும்மா பேசியவருக்கு நெஞ்சை எதற்குத் தடவ வேண்டும்? வாப்பாவுக்கு ஏதோ நோய், இவள் அரைகுறைப் படிப்பை வைத்துக்கொண்டு ரகசியமாக ஊசி போடுகிறாள் என்று அவனாகவே முடிவுகட்டியிருந்தான். நேற்றும் அப்படித்தான் இறங்கினார். இன்று ஆள் இல்லை.

காலையில் வந்த டாக்டர் வேறு அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார். சட்டையை விலக்கி ஸ்டெதாஸ்கோப்பை வைக்கப் போனவர், அப்படியே கொஞ்சம் நின்று, ஷைஸ்தாவை நிமிர்ந்து பார்த்தார். அவர் முதுகு மறைத்ததில் தப்ரேஸுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"கௌன்ஸா இயர், பேட்டா?" என்று எந்த வருஷம் படிக்கிறாள் எனக் கேட்டார்.

"ஃபர்ஸ்ட்," என்றாள் அவள்.

டாக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. சோதித்து முடித்துச் சட்டையை இழுத்து மூடிவிட்டார். இவள் செகண்ட் இயர் அல்லவா? இரண்டு பேருமாகச் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்றே தப்ரேஸுக்குப் பட்டது.

மோதினார் இப்போது மார்பை மூடியிருந்த துணியைக் கீழே இறக்கினார். இருவர் கையும் நின்றது.

நரைத்த மயிருக்கிடையே நீலப் பேனாக் கோடுகள். நெஞ்செலும்பின் வலப்பக்கம் இறங்கி, இடது மார்புக்குக் கீழே வளைந்து மேலேறும் ஒரு கோணல் வட்டம். விலா எலும்புகளின்மேல் சின்னச் சின்ன எண்கள். ஓரிடத்தில் தப்பாகப் புள்ளி வைத்து, அடித்து, ஒரு விரல் தள்ளித் திரும்ப வைத்திருந்தது.

"என்னப்பா இது? எவனும் மந்திரிச்சு எழுதிட்டானா?" மோதினார் குரலைத் தாழ்த்தினார்.

தப்ரேஸ் குனிந்தான். ஐந்தை எழுதி அதன் தொப்பியைத் தனியாகப் போடுவது ஷைஸ்தாவின் பழக்கம். அந்த வட்டமும் அவளுடைய சுவரில் ஒட்டியிருக்கும் இருதயப் படத்தின் வடிவம்தான். ஃபர்ஸ்ட் என்று அவள் சொன்னது நாக்குத் தவறி அல்ல. ஃபெயிலாகிவிட்டு வாப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். திரும்பப் பரீட்சை எழுத, அவர் தினமும் சட்டையைக் கழற்றிப் படுத்துக் கொடுத்திருக்கிறார். தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. ரிசல்ட் என்னாச்சு, என்னாச்சு என்று தான் அவளை அதட்டியது ஞாபகம் வந்ததும் அந்தக் கோபம் வெட்கமாகிவிட்டது.

"மந்திரம் இல்ல மோதினார். பாடம்."

மோதினார் சோப்பைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். கோடு மங்கியதே தவிரப் போகவில்லை.

"கெடக்கட்டும்," என்றான் தப்ரேஸ்.

"தோல்ல தண்ணி படுதுல்லா, அது போதும்," என்றார் அவர். கஃபன் துணி அதை மூடியது.

அடக்கம் முடிந்து அவன் வீடு திரும்பியபோது மாலை அஸர் பாங்கு சொல்லியாகிவிட்டது. வந்த பெண்கள் போய்விட்டார்கள். மேலறையில் உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். ஷைஸ்தா சுவரோரம் கிடந்தாள்.

"அழிஞ்சிட்டா காக்கா?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

"இல்ல. கொஞ்சம் இருந்துச்சு."

அவள் உதடு கோணியது. "நேத்து கோடு போட்டுட்டுக் காத வச்சும் கேட்டேன். ஒழுங்காத்தான் அடிச்சுது. ஒழுங்காப் படிச்சவளா இருந்தா எதாச்சும் வெளங்கியிருக்கும். எனக்கு ஒண்ணுமே வெளங்கலயே காக்கா."

காலை முழுக்க அவனும் அவளைத்தான் குற்றவாளியாக்கி வைத்திருந்தான். அதையே அவள் வாயால் கேட்கப் பொறுக்கவில்லை.

"பரீட்ச எப்போ?"

"நாளக் கழிச்சு. நான் போகல. போனாலும் ஃபெயில்தான்."

"போவச் சொல்லு," என்றாள் உம்மா, மணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்குத்தான அவிய நெதமும் அந்த ஏணியில ஏறுனாவ."

அப்படியானால் வீட்டில் தெரியாதவன் அவன் ஒருத்தன்தான். தப்ரேஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சுவரிலிருந்த இருதயப் படத்துக்கு நேர் கீழே பாயை விரித்து மல்லாந்து படுத்தான்.

"பேனா எங்க?"

அவள் எழுந்து உட்கார வெகுநேரம் ஆயிற்று. காறையெலும்பிலிருந்து ஒவ்வொரு விலாவாக எண்ணிக்கொண்டு அவளுடைய குளிர்ந்த விரல்கள் இறங்கின. ஓரிடத்தில் நின்று, தயங்கி, ஒரு விரல் தள்ளி நகர்ந்தன. பேனா முனை கூசியது. தப்ரேஸ் அசையாமல் கிடந்தான்.