இரண்டாம் அறைப் பெட்டிகள்

அது ஏப்ரல் கடைசியா, மே தொடக்கமா என்று இப்போது அறுதியிட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. பெட்டிகளில் ஒட்டியிருந்த தாள் நீலமா பச்சையா என்பதிலும் சந்தேகம் உண்டு. நடந்ததோடு கேட்டதும் கலந்துவிட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை என்பதில் மட்டும் மாற்றமில்லை.

பிரிட்டன் ஃபோக்லாந்துத் தீவுகளுக்காகப் போருக்குப் புறப்பட்ட வருடம், எண்பத்திரண்டு. லண்டனில் தேம்ஸ் கரையில் ஓர் இறைச்சி ஏற்றுமதிக் கம்பனியில் தில்லையம்பலம் எழுத்தராக இருந்தார். கணக்கியல் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், இரண்டு பரீட்சை தவறியபின் அங்கே ஒதுங்கியிருந்தார். அவருடைய வேலை அனுமதி அந்தக் கம்பனியின் பெயரில் இருந்தது. வேலை போனால் நாடும் போகும். மனைவி தவமலருக்கு அப்போது ஐந்து மாதம்.

ஆட்டையும் மாட்டையும் உறையவைத்து வளைகுடா நாடுகளுக்கு அனுப்புகிற இடத்தில், மச்ச மாமிசம் தொடாத சைவர் ஒருவர் வேலை செய்வது அவருக்கே உறுத்தத்தான் செய்தது. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் யாராவது கேட்டால் "கப்பல் கம்பனி" என்பார். அது பொய்யுமல்ல.

போர் தொடங்கியதும், கம்பனி நம்பியிருந்த இரண்டு குளிர்க்கப்பல்களில் ஒன்றை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மற்றதில் இடம் பங்கிட வெள்ளி தோறும் ஓர் அதிகாரி வந்தார். படையினருக்கான இறைச்சிக்கு முதல் இடம். மிஞ்சிய இடத்தை, எந்தக் கம்பனியின் கிடங்கில் எவ்வளவு இறைச்சி கிடக்கிறதோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுப்பார். எல்லாக் கிடங்கையும் திறந்து பார்க்க அவருக்கு ஏது நேரம்? "பெட்டிகளை நேரில் பார்த்தேன்" என்று கம்பனியில் ஒருவர் கையெழுத்து வைத்தால் போதும்.

அந்தக் கையெழுத்துக்கு மேலாளர் ஹார்கின்ஸ் தில்லையம்பலத்தைத்தான் தெரிந்தெடுத்தார், இருபது வருடம் வேலை செய்த இரண்டு வெள்ளைக்காரர்களைத் தாண்டி.

"நீங்கள் உள்ளே போகத் தேவையில்லை. உங்கள் மதத்தை மதிக்கிறேன். பட்டியல் வெளியே வரும், கையெழுத்து வைத்தால் போதும்" என்றார்.

அன்று லண்டனின் மிச்சம் பகுதியில் இருந்த வீட்டில் தில்லையம்பலம் இதைத் தவமலரிடம் மூன்று தரம் சொன்னார்.

பட்டியலைக் கொண்டுவருபவர் சவிரிமுத்து. யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரர், கிடங்கில் பெட்டி தூக்குபவர். புருவத்தில் பனி படிந்திருக்க, சிரித்துக்கொண்டே வருவார்.

"என்ன ஐயர், ஒருக்கா உள்ளுக்கு வாங்கோவன். ஆடெல்லாம் செத்துத்தான் கிடக்கு, முட்டாது."

"பட்டியலைத் தாரும்."

"பாத்திட்டு வையுங்கோ அண்ணை. உங்கட பேரெல்லோ."

"உம்மட வேலையைப் பாரும் சவிரிமுத்து."

அந்தச் சிரிப்பு தில்லையம்பலத்துக்குப் பிடிக்கவில்லை. தன் விரதத்தையும் திருநீற்றையும் நக்கலடிக்கிறான் என்றே நினைத்தார்.

மூன்று வெள்ளி கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை, தேநீர் அறையில் சவிரிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் இடுப்பைத் தட்டிக்காட்டினார். அன்று சிரிப்பு இல்லை.

"ரெண்டாம் அறையில பெட்டி தூக்கேக்கை எனக்கு நாரி நோகேல்லை அண்ணை."

"அதுக்கு?"

"இருபத்தேழு கிலோப் பெட்டி. நாரி நோகத்தானே வேணும்."

எழுந்து போய்விட்டார்.

தில்லையம்பலம் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வீடு போனார். பெட்டி பாரமில்லை என்றால் உள்ளே இருந்ததை யாரோ எடுத்திருக்கிறார்கள். உள்ளே போய்வருபவன் யார்? கள்ளன் முந்திக்கொண்டு கூவுவது புதிதா? சவிரிமுத்துவின் பெரிய குளிர்க்கோட்டு, அண்மையில் வாங்கிய பழைய கார், அந்தச் சிரிப்பு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின.  நாளைக்கு வெளிவந்தால் மாட்டப்போவது கையெழுத்து வைத்தவர்.

புதன் காலை ஹார்கின்ஸின் கதவைத் தட்டி எல்லாம் சொன்னார், சவிரிமுத்துவின் பெயரையும் சேர்த்து.

ஹார்கின்ஸ் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"நல்லது" என்றார் ஹார்கின்ஸ்.

மத்தியானம் சவிரிமுத்துவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொலிசு வரவில்லை. கதவுப் பூட்டைக்கூட மாற்றவில்லை. களவு போன இடத்தில் எவராவது இப்படிச் சும்மா இருப்பார்களா? அந்த "நல்லது" தில்லையம்பலத்தின் காதில் முள்ளாக நின்றது. களவைக் கேட்டு ஒரு மனிதன் சொல்லும் சொல்லா அது?

வியாழன் மாலை, தவமலர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"என்னப்பா, அந்தப் பட்டியலை ஆர் அடிக்கிறது?"

"ஹார்கின்ஸின்ர அறையில."

"அப்ப சவிரிமுத்து?"

"கொண்டுவாறது மட்டும்தான்."

"கந்தோரில மச்சம் தின்னாத ஆள் எத்தினை பேர்?"

"நான் ஒராள்தான்."

"செத்தாலும் உள்ளுக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிற ஆள்?"

அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

"நல்லா மதிச்சிருக்கிறான் உங்களை" என்றாள் தவமலர்.

 மூன்று கிழமையாக அவர் நெஞ்சில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த மரியாதை, கத்தரிக்காய்க் காம்புகளோடு மேசையில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை விரதம். திருநீறு பூசிக்கொண்டு போனார். அதிகாரி வருவதற்கு அரை மணி முன்பு, யாரிடமும் கேட்காமல் கிடங்குக் கதவின் இரும்புப் பிடியை வெறுங்கையால் இழுத்தார். விரல்நுனித் தோல் ஒட்டிக்கொண்டு எரிந்தது. இத்தனை வருடம் அவர் பயந்திருந்தது நாற்றத்துக்கு. உள்ளே நாற்றமே இல்லை. இரண்டாம் அறையில் முன்வரிசைப் பெட்டி அசையவில்லை. அதற்குப் பின்னால் இருந்தது தலையணைபோலக் கையோடு வந்தது. வீட்டுப் பூட்டின் திறப்பால் ஒட்டுத்தாளைக் கிழித்தார். சாக்குத்துணி, நனைந்து உறைந்த சாக்குத்துணி. அடுத்ததிலும் அதே. எட்டுப் பெட்டி கிழித்தபின் நிறுத்தினார். எவரும் எதையும் களவெடுக்கவில்லை. இந்தப் பெட்டிகளில் இறைச்சி ஒருநாளும் இருந்ததில்லை. இல்லாத இறைச்சிக்குக் கப்பலில் இடம் பிடித்து, இடமில்லாமல் தவிப்பவனிடம் அந்த இடத்தை விற்கிறார்கள். உண்டென்று சாட்சி சொன்னவர், பார்க்கவே மாட்டார் என்று நம்பிப் பிடித்த ஆள்.

அலுவலக அறையில் தாள் தயாராக இருந்தது. அதிகாரி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஹார்கின்ஸ் பேனாவை நீட்டினார்.

தில்லையம்பலம் வாங்கவில்லை. கையெழுத்து வைத்தால் இன்றைக்குத் தப்பலாம், வீடும் நாடும் மிஞ்சும். பழி விழுந்தால் அது சவிரிமுத்துவின் தலையில். தானே அந்தப் பெயரை ஹார்கின்ஸிடம் சொல்லிவைத்திருந்தாரே. அந்த எண்ணம்தான் அவரை வாய் திறக்கவைத்தது.

"போன மூன்று வெள்ளியும் பார்க்காமல் கையெழுத்து வைத்தேன். இன்றைக்குப் பார்த்தேன். இரண்டாம் அறையில் இருப்பது சாக்குத்துணி."

ஹார்கின்ஸ் சிரித்தார். "இவர் உள்ளே போகவே மாட்டார். மதம். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்."

அதிகாரி தில்லையம்பலத்தைப் பார்த்தார். கொஞ்சம் அதிகநேரம் பார்த்தார். தில்லையம்பலத்துக்கு அவர் முகம் தெரியவில்லை. கிடங்குக் குளிரிலிருந்து வந்த தன் மூக்குக்கண்ணாடியில் ஆவி வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"கண்ணாடியைத் துடையுங்கள், பிறகு வழி காட்டுங்கள்" என்றார் அதிகாரி.

ஞாயிற்றுக்கிழமை தில்லையம்பலம் நோர்பரியில் சவிரிமுத்துவின் அறைக்குப் போனார்.

"உம்மைச் சொன்னது நான்தான்."

"தெரியும்."

மதில் ஓரமாக பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

குடித்தார்கள். சவிரிமுத்து அவரை அதற்குப் பிறகு ஐயர் என்றும் சொல்லவில்லை, அண்ணை என்றும் சொல்லவில்லை.

கம்பனி தனக்கு எதுவும் தெரியாது என்றது. அடுத்த வருடம் மூடிக்கொண்டது. ஹார்கின்ஸுக்கு ஒன்பது மாதச் சிறை. வெளியே வந்து ஸ்பெயினுக்குப் போனார். தில்லையம்பலத்தின் வேலையும் அனுமதியும் போயின. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே இலங்கையில் எண்பத்துமூன்று ஜூலைக் கலவரம் வந்தது. அதற்குப் பிறகு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. மிச்சம் பகுதியிலேயே ஒரு தபாற்கந்தோரில் தொண்ணூற்றேழு வரை வேலை பார்த்தார். தவமலருக்குப் பெண்குழந்தை பிறந்தது, நிர்மலா என்று பெயர். சவிரிமுத்துவைக் கம்பனி திரும்ப எடுக்கவில்லை. வேறொரு குளிர்க்கிடங்கில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டுக் கனடா போனார். கடிதம் எழுதவில்லை. அதிகாரியின் பெயர் யாருக்கும் நினைவில்லை.