இரண்டு இடது இறக்கை

சம்பந்திகள் இரண்டு பேர் கூடத்துத் தரையில் மண்டி போட்டு, தலையோடு தலை முட்ட, ஒரே துணியைப் பார்த்துப் பூரித்துப்போய் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அந்த வீட்டில் அன்று சாயங்காலம் அதுதான் நடந்தது. நாற்காலிகள் எல்லாம் படுக்கையறைக்குக் குடிபோயிருந்தன. சாப்பாட்டு மேசையின் கண்ணாடி தரைக்கு இறங்கியிருந்தது. அதன்மேல், குடைத்துணியைவிட மெல்லிசான நைலான் துணி ஆரஞ்சும் கறுப்புமாக விரிந்து கிடந்தது.

பெண்ணைப் பெற்றவள் கூடாரம் தைக்கும் பட்டறையில் தையல்காரி. மாப்பிள்ளையைப் பெற்ற அம்மா ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு மொத்தத்தையும் ஒரு தபால்தலையின் பின்னால் எழுதிவிடலாம். “சாப்பிட்டீங்களா சம்பந்தி?” “ஆச்சுங்க சம்பந்தி, நீங்க?” அதோடு சரி. அதற்குமேல் வாயைத் திறந்தால் பெண்ணின் வாழ்க்கைக்கே ஏதாவது வந்துவிடுமோ என்று தையல்காரிக்குப் பயம். எதிர்ப்பக்கமும் அதே பயம்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

இதை உடைத்தது ஒரு பட்டம். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு ஊர் எல்லைத் திடலுக்குப் போனபோது, தொப்பி போட்ட ஒருவர் கைக்கொரு பிடியாக வைத்துக்கொண்டு நாலு நூலில் ஒரு பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். அது பறந்தது, சரி, பட்டம் என்றால் பறக்கும். ஆனால் இந்தக் கழுதை நடுவானில் சட்டென்று நின்றது. பிறகு, மறந்து வைத்ததை எடுக்கப் போகிறவனைப்போல வந்த வழியே பின்னால் போனது. “அய்யய்யோ!” என்று இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டார்கள்.

தொப்பிக்காரர் பட்டக் குழுவின் தலைவர். கேட்காமலே சொன்னார். வீட்டில் செய்த பட்டங்களுக்கென்று அடுத்த மாதம் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். வெட்டியவரும் தைத்தவரும்தான் பறக்கவிட வேண்டும். ஆள் உயரத்தில், அவர் பத்து எண்ணும்வரை பட்டம் அசையாமல் நிற்க வேண்டும். வாய்ப்பு இரண்டு முறை. நின்றால் குழுவில் இடம். அப்புறம் வாராவாரம் எல்லோருடைய பட்டத்தோடும் சேர்ந்து வரிசையாகப் பறக்கலாம்.

தையல்காரிக்கு அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை. அவள் ஆயுசு முழுக்கத் தைத்தது எல்லாம் தரையில் முளையடித்துக் கட்டிவைக்கிற துணி. காற்று வந்தால் கிளம்பிவிடக் கூடாது என்றுதான் அத்தனை தையலும். கிளம்புவதற்கென்றே ஒன்றைத் தைத்து, அது வானத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அது இல்லாமல் இனிச் சோறு இறங்காது போலிருந்தது.

மறுநாளே சம்பந்தி சுருட்டிய காகிதத்தோடு வந்து நின்றார். ராத்திரி தூங்காத கண். விரித்தால், ஒரு இறக்கையின் வரைபடம், மயிரிழை பிசகாமல்!

“சும்மா பொழுது போகலைன்னு வரைஞ்சேன் சம்பந்தி. உங்களுக்கு நேரமிருந்தா...”

“ஐயோ, நேரத்துக்கு என்னங்க!” என்ற தையல்காரி அதற்குள் துணிக்கடைக்குப் போகச் செருப்பு மாட்டியிருந்தாள்.

குச்சியும் நூலும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, பட்டம் விடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் இப்படித்தான் கண்ணாடி தரைக்கு வந்தது. இந்தத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் நார்நாராகப் பிரியும். அதனால் சால்டரிங் அயர்னின் சூடான முனையால் கோடு இழுப்பார்கள்; வெட்டும்போதே ஓரம் உருகி மூடிக்கொள்ளும். கோடு இழுப்பதில் சம்பந்தியை அடிக்க ஆளில்லை. ஒரு இறக்கைக்கான அட்டையைத் துணிமேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். மெல்லிய புகை. துணி வழுக்கிக்கொண்டு தனியே வந்தது. மூலையில் பென்சிலால் “பின்பக்கம்” என்று குறித்தார். பிறகு அதே அட்டையை அப்படியே அடுத்த துணிமேல் வைத்தார்.

தையல்காரியின் கை பரபரத்தது. அட்டையைத் திருப்பிப் போட்டால்தானே வலது இறக்கை வரும்? ‘சம்பந்தி, அட்டை...’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. கட்டடத்தையே கோட்டில் நிறுத்துகிறவருக்கு இது தெரியாதா? ஏதாவது கணக்கு வைத்திருப்பார். நாம் போய் முந்திரிக்கொட்டை மாதிரி...

“ரொம்ப அழகா வெட்டுறீங்க சம்பந்தி” என்றாள்.

இரண்டாவது துண்டிலும் “பின்பக்கம்” விழுந்தது.

அடுத்து அவளுடைய முறை. ஓரங்களை இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் பிடித்துவைத்து, சிக்ஸாக் தையலில் மெஷினை ஓடவிட்டாள். வழுக்குகிற துணி, பட்டறையில் பெரிய பெரிய ஆட்களே திட்டுகிற துணி, அவள் விரலுக்கடியில் நாய்க்குட்டியாகப் போயிற்று. கார்பன் குச்சி நுழைய மேல் ஓரத்தில் நீள உறை, மூலைகளில் கெட்டித் துணி, எல்லாம் “பின்பக்கம்” என்று எழுதிய பக்கத்தில். பக்கத்தில் உட்கார்ந்து நூல் நறுக்கிக்கொண்டிருந்த சம்பந்தி, இரண்டாவது உறையை அவள் வைத்தபோது ஒருமுறை கையைத் தூக்கினார். அப்புறம் நெற்றியைச் சொறிந்துகொண்டு கீழே போட்டுவிட்டார்.

“மெஷின் உங்க கையில பேசுது சம்பந்தி” என்றார்.

இரண்டு இறக்கையும் முடிந்து, நடுவில் சேர்த்துத் தைக்கலாம் என்று எதிரெதிரே வைத்தார்களா, முகத்தில் ஈயாடவில்லை. இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன. கடையில் ஜோடி என்று வாங்கிவந்து பிரித்துப் பார்த்தால் இரண்டும் இடது காலுக்கான செருப்பாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

“என் தப்புங்க சம்பந்தி.”

“ஐயையோ, உங்க தப்பு எங்கிருந்து வந்துச்சு? என் தப்புங்க.”

“இல்லீங்க, நான்தான்...”

“நீங்க சும்மா இருங்க, முழுக்க என் தப்பு.”

தப்பை வாங்கிக்கொள்ள அப்படி ஒரு அடிதடி. பட்டத்தை யார் காப்பாற்றுவது? தையலைப் பிரித்துத் தைக்கவும் வழியில்லை. ஊசி போன ஓட்டை வரிசையாக நிற்கும், காற்று இழுத்தால் துணி அந்த வழியே கிழியும். மிச்சத் துணி இல்லை. நாளோ விடிந்தால் வந்துவிடும். தையல்காரிக்கு அழுகை முட்டியது. கடைசியில் ஒரு இறக்கையை அப்படியே புரட்டி, உள்வெளியாகவே வைத்துச் சேர்த்துத் தைத்தாள். இடது இறக்கை வழவழவென்று பார்த்தது. வலது இறக்கையோ, உறையும் தையலும் மூலைத் துணியும் முன்னால் தெரிய, சட்டையை அவசரத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தவனைப்போல நின்றது. அதன் நெஞ்சில் “பின்பக்கம்” என்று வேறு எழுதியிருந்தது.

மறுநாள் திடலில் காற்று என்றால் காற்று. பட்டங்கள் பத்துப் பதினைந்து, வானமே அமளிப்பட்டது. மகளும் மருமகனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பட்டத்தைத் தரையில் நிமிர்த்தி வைத்து, அதன் மேலும் கீழும் கட்டியிருந்த சூத்திரக் கயிறுகளில் நாலு நூலையும் மாட்டி, நீளமாகப் பிரித்துக்கொண்டு வந்து இரண்டு கைப்பிடிகளையும் கட்டினார்கள்.

“நீங்க பிடிங்க சம்பந்தி” என்றாள் தையல்காரி.

“அதெப்படி? தைச்சது நீங்க. நீங்கதான் விடணும்.”

“வரைஞ்சது நீங்கதானே. முதல்ல நீங்க.”

“உங்களை வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க...”

தொப்பிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “அம்மா, தாயே, உங்க உபசாரம் முடியறதுக்குள்ள காத்து நின்னுடும். ஆளுக்கொரு பிடியைப் பிடிச்சுத் தொலைங்க!”

ஆளுக்கொன்று பிடித்தார்கள். இடது பிடி தையல்காரிக்கு, வலது சம்பந்திக்கு. தோளோடு தோள் இடிக்க நிற்க வேண்டியிருந்தது. பிடியின் மேல்முனையை இழுத்தால் அந்த இறக்கை முன்னே ஏறும், கீழ்முனையை இழுத்தால் பின்வாங்கும், இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஒருவர் இரண்டு கையால் செய்வதை இரண்டு பேர் ஒரே கையாகச் செய்ய வேண்டும்.

சர்ரென்று எழும்பியது! தையல்காரியின் மணிக்கட்டில் ஒரு உயிர் வந்து உட்கார்ந்துகொண்டு இழுத்தது. அவள் தைத்தது! அவள் தைத்த துணி! சந்தோஷத்தில் கண் கலங்கிய அதே நொடியில், உள்வெளி இறக்கை மந்தமாகப் பின்தங்குவதையும் பட்டம் வலப்பக்கம் சாய்வதையும் பார்த்தாள்.

“சம்பந்தி, தப்பா எடுத்துக்கலைன்னா, உங்க பக்கம் கொஞ்சம் மேல இழுத்தீங்கன்னா நல்லா...”

‘இருக்கும்’ என்பதற்குள் பட்டம் குட்டிக்கரணம் அடித்து மூக்கால் மண்ணைக் குத்தியது.

“மன்னிச்சுக்கோங்க” என்றார் சம்பந்தி.

“நான்தாங்க மன்னிப்புக் கேட்கணும்” என்றாள் தையல்காரி.

“இன்னும் ஒரு தடவைதான்” என்றார் தொப்பிக்காரர்.

மருமகன் ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தான். குச்சி ஒடியவில்லை, துணி கிழியவில்லை. தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். இது போனால் எல்லாம் போச்சு. மறுபடி எழுந்தது. ஏறியது. ஆள் உயரத்துக்கு இறக்கினார்கள். மறுபடி அதே வலப்பக்கம் சாயத் தொடங்கியது.

“சம்பந்தி, மேல இழுங்க!”

சாய்ந்தது.

“மேல! மேல இழு!”

இன்னும் சாய்ந்தது.

“இழுடீ!”

சம்பந்தி இழுத்தார். பட்டம் நிமிர்ந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் பதிலுக்குக் கத்தினாள் சம்பந்தி: “இழுத்துட்டேன், நீ கீழ விடுடி! ஏன் இந்த முறுக்கு முறுக்கறே!”

“விட்டாச்சு! இப்ப நீ கொஞ்சம் விடு!”

“போதுமா?”

“போதும், பிடி! அசையாதே, அசைஞ்சே கொன்னுடுவேன்!”

“ஒண்ணு” என்றார் தொப்பிக்காரர்.

நின்றது. ஆரஞ்சும் கறுப்புமாக, ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் தையல், நெஞ்சில் “பின்பக்கம்”. வீசுகிற காற்றில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நாலு, அஞ்சு என்று எண்ணுவது எங்கேயோ கேட்டது. “லேசா மேல” என்று ஒருத்தி சொல்வதற்குள் இன்னொருத்தியின் மணிக்கட்டு அதைச் செய்திருந்தது. எட்டு. தையல்காரி மூச்சே விடவில்லை. ஒன்பது.

“பத்து!”

இரண்டு பேரும் கத்தியதில் பக்கத்துப் பட்டக்காரர் தன்னுடையதைக் கீழே விட்டுவிட்டார். தங்கள் பட்டத்தைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டு, குதித்து, கட்டிப்பிடித்து, அப்புறம்தான் மகளின் முகத்தைப் பார்த்தாள் தையல்காரி. பேயறைந்த மாதிரி நின்றிருந்தாள் மகள்.

“அம்மா” என்று காதோரம் வந்து பல்லைக் கடித்தாள், “அத்தையைப் போய் ‘டி’ போட்டு... கொன்னுடுவேன்னு வேற...”

தையல்காரி மெல்லத் திரும்பினாள். சம்பந்தி இடுப்பில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ரெண்டாவது துண்டு வெட்டும்போது அட்டையைத் திருப்பலை. அது உனக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?”

“...தெரிஞ்சுது.”

“அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“நீ மட்டும்? உறையை ஒரே பக்கமாத் தைக்கிறேன்னு பார்த்துட்டுத்தானே நெத்தியைச் சொறிஞ்சுட்டு உட்கார்ந்திருந்தே!”

சம்பந்தியின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல்காரிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மருமகன் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்துவைத்தான்.

“அத்தே, அம்மா ஏதோ வேகத்துல...” என்று ஆரம்பித்தாள் மகள்.

“நீ சும்மா இரு. அது எங்களுக்குள்ள” என்ற சம்பந்தி, குனிந்து தன் ஒரு பிடியை மட்டும் எடுத்துக்கொண்டாள். இன்னொன்று புல்லில் கிடந்தது.

“என்னடி பார்த்துக்கிட்டு நிக்கறே? காத்து இருக்கும்போதே இன்னொரு தடவை விடலாம், வா.”