அக்காவின் மதிய நடை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் செய்த ஒரு தில்லுமுல்லில் பிறந்தது. எழுதினால் மனசு ஆறும் என்று உட்கார்ந்தேன். ஆறவில்லை. மணி ஒன்றேகால் ஆகிவிட்டது.

தொடக்கம்: 'காலணிக்குள் ஒரு சென்சார் கண்விழித்தது.' (சீ! சென்சாருக்கு ஏது கண்? அடித்தாயிற்று.)

மறுபடி: என் அக்கா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவள். மூன்று மாதமாகத் தலைசுற்றல். காதுக்குள் ஏதோ கோளாறாம். ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை விலகியது. நடை சீரானால்தான் மறுபடி ஏறலாம் என்று சொல்லி, பிசியோதெரபிஸ்ட் அவள் ஷூவுக்குள் ஒரு மெல்லிய உள்ளட்டையை வைத்துக் கொடுத்தார். பாதம் எங்கே அழுத்துகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதிலுள்ள சென்சார்கள் ஒரு வாரம் குறித்துக்கொள்ளும்.

2

தம்பி பாத்திரம்தான் பிடிபட மாட்டேன் என்கிறது. (தம்பி நான்தான். அதுதான் சிக்கல்.) நல்லவனா, முட்டாளா? வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன். மதியம் மாத்திரை போட்டுக்கொண்டு அக்கா தூங்கிவிடுவாள்; ஷூ வாசலில் கிடக்கும். சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் ஒரே அளவு, எடையும் கிட்டத்தட்ட ஒன்று. அதை மாட்டிக்கொண்டு மாடி வராந்தாவில் ஒரு மணி நேரம் நிமிர்ந்து நடந்தான். ஏழு நாளும். அவளிடம் மூச்சு விடவில்லை. வேலையில்லாமல் அவள் சுவரையே வெறித்துக்கொண்டிருப்பதை அவனால் தாங்க முடியவில்லை.

(இங்கே 'அவன்' என்று எழுதியது கோழைத்தனம். தெரியும்.)

3

பிசியோதெரபிஸ்ட் திரையைக் காட்டினார். “காலைல தடுமாற்றம் இருக்கு. ஆனா மாத்திரை போட்டதுக்கப்புறம் நடை அப்படியே மாறிடுது, பாருங்க! மதியத்துக்கு மேல தாராளமா ஏறலாம்.”

வெளியே வந்ததும் அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “கேட்டியாடா? தூங்கி எந்திரிச்சா நான் தேறிடுறேன்னு மெஷினே சொல்லிடுச்சு! நீதான் சும்மா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டிருக்க.”

“அக்கா, அது வந்து...”

“வந்தும் இல்ல, போயும் இல்ல. வா, டீ குடிக்கலாம்.”

குடித்தோம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அவளும் நம்பிவிட்டாள்.

4

முடிவு ஒன்று: அவளுக்கு உண்மையிலேயே குணமாகிவிட்டது. (எனக்கு வேண்டிய முடிவு. அதனாலேயே நம்ப மாட்டேன்.)

முடிவு இரண்டு: ஐந்தாம் மாடி உயரத்தில், ஒரு கையில் பிரஷ்ஷோடு அவள் சட்டென்று

(மாட்டேன். அந்த வாக்கியத்தை எழுத மாட்டேன்.)

முடிவு மூன்று: சொல்லிவிடுகிறேன். அவள் வேலை போகிறது. ஆயுசுக்கும் அவள் என் முகத்தில் விழிப்பதில்லை.

இன்று இரண்டு மணிக்கு அவள் சாரத்தில் ஏறுகிறாள். இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை. நான் இங்கே உட்கார்ந்து முடிவுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறேன், பாவி! போன் போட்டுவிட்டேன். எடுத்துவிட்டாள்.

“சொல்லுடா.”

ஒரு கையில் போன்; மறு கையில் இன்னும் பேனா.

“டேய், என்னடா? சீக்கிரம் சொல்லு, ஏணிகிட்ட நிக்கிறேன்.”

வாசகரே, முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். மீதியை நான் சொல்லிக்கொள்கிறேன்.