ஏழாம் பக்கம்

அன்று மாலை செஞ்சியில் வக்கீல் அன்புக்கரசியின் மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வாசுபூஜ்யன் ஆகிய நான், என் மனைவி பத்மினி, என் தம்பி அஜித்நாதன், வக்கீல். பக்கத்துக் கொல்லைக்கார விநாயகம் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்பவர்கள் யாரும் அந்தப் படி ஏறியவர்கள் அல்ல.

தொண்டூரில் எங்கள் நிலத்து வரப்போரம் ஒரு நடைபாதை. அது வழியாகத்தான் விநாயகம் தன் கொல்லைக்குப் போக வேண்டும். எங்கள் புது வேலியை அவன் டீக்கடையில் கேலி பேசினான் என்று கேள்விப்பட்டு, பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினேன். "கோர்ட்டுக்குப் போனாலும் நிக்க மாட்டான். எங்க தாத்தா ஐகோர்ட்ல ஜெயிச்ச பாதை இது" என்று ஊர் நடுவில் சொன்னேன். சொன்ன சொல்லுக்குச் சான்றும் இருந்தது. அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்த 1938ஆம் ஆண்டுத் தீர்ப்பு எங்கள் கூடத்தில் கண்ணாடி பிரேமில் தொங்குகிறது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட முதலில் அதைத்தான் காட்டுவோம். ஆங்கிலம்தான். ஆனால் 'பாதை உரிமை கிடையாது' என்று பொருள்படும் முதல் வரி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். விநாயகம் கேட்டில் கை வைக்காதபடி தடையுத்தரவு வாங்க வேண்டும் என்று, அந்த பிரேமை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருந்தேன்.

வக்கீல் அதைக் கையில் வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"ஐயா, இது தீர்ப்பு இல்ல."

"பின்ன இன்னா, கல்யாணப் பத்திரிகையா?" என்றான் தம்பி.

"தலைக்குறிப்பு. புத்தகம் போட்டவங்க மேல எழுதுற சுருக்கம். ஜட்ஜ் எழுதுனது இதுக்குக் கீழதான் ஆரம்பிக்குது. கோர்ட்ல அதுதான் செல்லும்."

பிரேமின் ஓரத்தில் இருந்த ஆண்டையும் பக்க எண்ணையும் முன்பே போனில் சொல்லியிருந்தேன். அவற்றை வைத்து அவர் முழுத் தீர்ப்பையும் தேடி எடுத்திருந்தார். பதினொரு பக்கம். "பின்னாடி யாராச்சும் அப்பீல் போனாங்களா, வேற தீர்ப்பு எதுனா இதை மாத்திடுச்சான்னும் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. இன்னிக்கும் செல்லும். ஆனா ஏழாம் பக்கத்தக் கேளுங்க."

தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார். கீழ்க் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்று தாத்தா சொன்னது: 'வண்டி ஓட்டி வரப்பை உடைக்கிறார்கள். அதை நிறுத்தத்தான் வந்தேன். காலால் நடப்பவரை எங்கள் வீடு தடுத்ததில்லை, தடுக்கவும் மாட்டோம்.' அந்த வார்த்தையை நம்பித்தான் நீதிபதி வண்டியை மட்டும் தடுத்து, நடப்பதை விட்டுவைத்திருந்தார்.

எண்பது வருடத்துக்கு மேலாக நாங்கள் முதல் வரியோடு நின்றுவிட்டோம்.

"அண்ணே, விநாயகத்துக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது? அந்தப் பக்கத்த உருவிட்டு மிச்சத்தக் கோர்ட்ல குடுத்தா முடிஞ்சிது" என்றான் தம்பி.

"நான் அப்படிக் குடுக்க மாட்டேங்க" என்றார் வக்கீல்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. "அஜித்து, தாத்தா சத்தியம் பண்ணிச் சொன்னத மறைச்சிட்டு, அவர் பேர்லயே ஜெயிக்கிறதா? நம்ம வீட்டுலயா?"

பத்மினி ஜன்னலைப் பார்த்தாள். இருட்டிய பின் சாப்பிடாத சமணர் வீடு எங்களுடையது. "பொழுது சாயறதுக்குள்ள சாப்டணும். அதுக்கு முன்னால கேட்ட வேற கழட்டணும். கெளம்புங்க."

தொண்டூர் திரும்பியதும் ஸ்பேனரை நானே பிடித்தேன். தம்பி கேட்டைத் தாங்கினான். விநாயகம் மொபெட்டில் வந்து, இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனாரே, கேஸு?"

"காலால நடக்கலாம். வண்டி வந்தா கேஸு."

"என் மொபெட்டு வண்டியில சேருமா?"

"உருட்டிட்டுப் போ."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கி உருட்டினான். வரப்பு முடியும் இடத்தில் ஏறி உதைத்துக் கிளப்பினான். அதற்கு மேல் அவன் நிலம்.

பிரேமில் இப்போது ஏழாம் பக்கம் இருக்கிறது.

வாசுபூஜ்யன் கேஸில் தோற்றுப்போய்க் கேட்டைக் கழற்றினான் என்று அனந்தபுரம் சந்தை வரை பேச்சு. கேஸ் போடவே இல்லை. 1938இல் போட்டதில் ஜெயித்தோம்.