கிணற்றடிக் களை

மருந்தடித்தும் கிணற்றடியில் களை சாகவில்லை. வயலெங்கும் களை கருகிக் கிடக்க, கிணற்றைச் சுற்றியிருந்த துண்டில் மட்டும் குப்பைக்கீரை மக்காச்சோளத்தோடு போட்டி போட்டுக்கொண்டு நின்றது. போன போகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. இந்த முறை அக்காவின் பொறுமை போய்விட்டது. செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். தம்பிதான் வண்டியை ஓட்டினான். வேறு வழி? மருந்தடித்தவனே அவன்தானே.

களையெடுப்பது ஒரு காலத்தில் அக்காவின் வேலை. அவள் இடுப்பு மக்கர் செய்யத் தொடங்கியதும் ஸ்பிரேயரைத் தம்பி முதுகில் மாட்டிக்கொண்டான். மருந்தை அளக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று பெயர் வாங்கியவன். அக்கம்பக்கத்து நிலத்துக்கெல்லாம் அவன்தான் அடித்தான்.

அக்கா செடியைக் கல்லாமேல் போட்டாள். வேரிலிருந்த மண் சிதறியது.

"போலி மருந்தக் குடுத்துட்டு நிம்மதியா உக்காந்திருக்கீங்களா?"

கடைக்காரர் அசரவில்லை. மற்ற இடத்தில் செத்ததா என்று கேட்டார். செத்தது என்றாள்.

"அப்ப மருந்து நல்ல மருந்துதாம்மா. அந்த இடத்துல அளவு குறைஞ்சிருக்கும். அரைகுறையா அடிச்சா நோஞ்சான் எல்லாம் செத்துடும், முரட்டுச் செடி பொழச்சுக்கும். அதோட விதைதான் அடுத்த போகத்துக்கு வரும். நாலஞ்சு போகம் இப்படியே போச்சுன்னா, அப்புறம் முழு அளவு அடிச்சாலும் அதுக்கு உறைக்காது."

"யாரப் பாத்துச் சொல்றீங்க? இவன் என் தம்பி. மத்த எதுல வேணா கோட்டை விடுவான். அளவுல ஒரு சொட்டு பிசகமாட்டான்."

கடையில் நின்றவர்கள் எல்லாம் தம்பியைப் பார்த்தார்கள். அவன் சும்மா இருந்திருந்தால் அக்கா வேறு கடைக்குப் போய் வேறு மருந்து வாங்கியிருப்பாள். களையும் நிலம் முழுக்கப் பரவியிருக்கும். அதையும் யோசித்துத் தொலைத்தான்.

"குறைச்சேன்க்கா. கிணத்தடியில மட்டும். பாதிதான் ஊத்துவேன்."

அக்கா அவனிடமிருந்து திரும்பிக்கொண்டாள். இனி என்ன செய்வதென்று கடைக்காரரிடம்தான் கேட்டாள். ஒரு செடியிலேயே லட்சக்கணக்கில் விதை உதிரும், பூ முற்றுவதற்குள் அந்தத் துண்டைச் சோளத்தோடு சேர்த்து அறுத்து அழித்துவிடுங்கள் என்றார் அவர். சோளம் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

வயலுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

"ஏன்டா?"

"நீதான புலம்பினே, குடிக்கிற தண்ணியில மருந்து இறங்கிடும்னு."

"புலம்பினேன். குறைன்னு சொன்னேனா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தத் துண்டுல மருந்தே வேணாம்னு கையால பிடுங்கியிருப்பேன்."

"உன் இடுப்ப வச்சுக்கிட்டா? அதுக்குத்தான்க்கா சொல்லல."

"இடுப்பு என்னுது. கிணறு என்னுது. சோளமும் என்னுது. முடிவு மட்டும் உன்னுதா?"

அவனுக்குச் சுருக்கென்றது. நல்லது செய்ததாகத்தான் இத்தனை போகமும் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். அரிவாளை எடுத்து, பால் பிடித்த சோளத்தையும் களையையும் ஒன்றாக அறுத்துத் தள்ளினான். அக்கா வரப்பில் நின்று, ஒரு செடிகூடத் தப்பாமல் கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த போகத்திலும் அக்கா அவனை மருந்தடிக்கக் கூப்பிட்டனுப்பினாள். அவன் ஸ்பிரேயரோடு வந்தபோது மருந்துப் புட்டி அவள் கையில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அளவுக் கோட்டைப் பார்த்து ஊற்றினாள். கிணற்றடிக்கு மருந்து கிடையாது என்றாள். பிறகு ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் துண்டில் உட்கார்ந்து, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி களை பிடுங்க ஆரம்பித்தாள்.

தம்பிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குனிந்தான்.

"நான் கூப்பிட்டேனா?" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "எழுந்து போய் மருந்தடி."

அவன் எழுந்து போனான்.