நாலாம் அத்தியாயத்தில் விடுபட்டவர்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எட்வேர்ட்டிடம் ஒரு நூலின் பிரதி மதிப்பீட்டுக்கு வந்திருந்தது. கதை என்றால் என்ன, அதை எப்படிச் சொல்வது என்று முதலாம் வருட மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அறிமுக நூல். எழுதியவள் தர்ஷிகா. பண்டத்தரிப்பில் அவருடைய சேர்ச்சிலேயே வளர்ந்த பிள்ளை, இப்போது விரிவுரையாளர். அவர் தகுதியானது என்று ஒப்பமிட்டால் நூல் அச்சுக்குப் போகும்.

எட்வேர்ட் எடுத்ததற்கெல்லாம் குறை பிடிக்கிற மனிதர். பொருளடக்கத்திலேயே இரண்டு பிழை கண்டுபிடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். மூன்று அத்தியாயம் முடிந்ததும், நல்ல புத்தகம்தான் என்று மனமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

நாலாம் அத்தியாயத்தில் சிவப்புப் பேனை நின்றுவிட்டது. கதைக்கட்டுக்கு உதாரணமாக அவள் எடுத்திருந்தது, கர்த்தர் தன்னைக் காப்பாற்றியதாக அவர் சேர்ச்சில் சொல்லும் சாட்சியை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில் கிளாலிக் கடலேரியில் வள்ளம் கவிழ்ந்ததும், நீந்தத் தெரியாத அவரைக் கர்த்தருடைய கரம் தூக்கி வள்ளத்தின் முதுகில் ஏற்றியதும். வருடந்தோறும் நன்றி ஆராதனையில் அவர் சொல்வதை முன்வரிசை வாங்கில் இருந்து கேட்டு வளர்ந்தவள் அல்லவா! கீழே ஒரு குறிப்பும் போட்டிருந்தாள்: ‘இக்கதையில் தேவையற்ற பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க.’

உண்மையில் அந்தக் கரம் பக்கத்து வீட்டு ஜொனதன் அண்ணையுடையது. தூக்கிவிட்டுக் களைத்துப்போன மனிதர், தன்னையும் ஏற்றச்சொல்லிக் கையை நீட்டினார். வள்ளம் தாழ்ந்துவிடும் என்று பயந்து எட்வேர்ட் தன் கையை மடக்கிக்கொண்டார். ஜொனதன் மூழ்கிப்போனார். பிறகு, தண்ணீரில் ஒருவரையும் காணவில்லை என்று ஜொனதனின் மனைவி மார்கிரட்டிடம் கூசாமல் சொன்னார். சாட்சி வருடத்துக்கு வருடம் மெருகேறியது. சொல்லிச் சொல்லி அவரே அதைப் பாதி நம்பியும்விட்டார். இனி அதைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்கப் போகிறார்கள்.

சனிக்கிழமை தர்ஷிகா வந்தாள்.

“சேர், நாலாம் அத்தியாயத்திலை ஒரு திருத்தமும் காணேல்லை. பிடிச்சுதோ?”

“அதை எடுத்துவிடும், பிள்ளை.”

“ஏன் சேர்? நான் கேட்டு வளர்ந்த கதையெல்லோ?”

“அது பொய். என்னைத் தூக்கிவிட்டது ஜொனதன் அண்ணை. அவர் கை நீட்டேக்கை நான் குடுக்கேல்லை.”

அவள் கையிலிருந்த பிரதியை மூடிவைத்தாள்.

“இதை எழுதுறதெண்டால் எழுதும். அதுக்கு முதல் நான் மார்கிரட் அக்காவிட்டைச் சொல்லவேணும்,” என்று சைக்கிளை எடுத்தார்.

மார்கிரட் விறாந்தையில் வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தாள். எட்வேர்ட் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் அழுகை வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திக்கினார். அவள் கை மட்டும் வேலையை விடவில்லை.

“அந்த வள்ளத்திலை வந்து தப்பின ஆக்கள் அந்தக் கிழமையே எனக்குச் சொல்லிப்போட்டினம்,” என்றாள். “நீர் உயிருக்குப் பயந்ததை நான் எப்பவோ மன்னிச்சிட்டன், எட்வேர்ட். ஆனால் வருசம் வருசம் நீர் சாட்சி சொல்ல எழும்பேக்கை, இந்த முறையாவது அவரின்ரை பேரைச் சொல்லுவீர் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான்.”