அஞ்சு மணி மைனர்

அரிசி கொட்டி வைத்த தோங்குக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் தினேஸ்வரி. உடம்பில் பட்டுப்புடவை, தலையில் நாலு முழம் மல்லிகை, மூக்கு நுனியில் அரிசித் தூசி. அம்மா ஒளித்து வைத்த கைப்பேசி மட்டும் அகப்படவில்லை.

மணி நாலு நாற்பது. ஐந்துக்குப் பல்கலைக்கழகப் பதிவுத் தளம் மூடிவிடும். அதற்குள் அவள் ஒரு மைனரை எடுத்தாக வேண்டும். கணிதப் பட்டப்படிப்பு என்றால் கணிதம் மேஜர். துணைக்கு இன்னொரு பாடம் மைனர். அவள் குறிவைத்த புள்ளியியலில் மிச்சம் மூன்றே இடம். தவறினால் ஒரு வருடம் போச்சு.

"அம்மா, போன எங்க வெச்ச?"

"அந்த மைனருக்குப் போன் போடத்தான? கால ஒடச்சிருவேன்!" பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள் குமுதா.

வினை போன வாரமே ஆரம்பித்துவிட்டது. "மேஜர் கெடச்சிருச்சு ட்ரேசி. மைனர்தான் சுசா, கஷ்டமா இருக்கு. நல்ல மைனரையெல்லாம் மத்தவளுங்க தூக்கிட்டுப் போயிடுறாளுங்க லா" என்று தினேஸ்வரி தோழியிடம் புலம்பியது குமுதாவின் காதில் விழுந்தது. பட்டு ஜிப்பா, கழுத்தில் புலிநகச் சங்கிலி, வாயில் வெற்றிலையோடு ஒரு மைனர் குமுதாவின் கண்முன் வந்து நின்றான். ஐந்தே நாளில் பாகான் டத்தோவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து ஜெலாப்பாங்கில் இவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

பெயர் கோகிலன். வந்ததிலிருந்து தட்டிலிருந்த கறிபாப் பலகாரத்தைத் தவிர வேறெதையும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேச்சு முழுவதும் அவன் தாய் கருப்பம்மாளுடையது.

தினேஸ்வரி காப்பித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தபோது கருப்பம்மாள் நிபந்தனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நக கேக்கல, காரு கேக்கல. எங்க கோகிலன் டிப்ளோமா. பொண்டாட்டி டிகிரின்னா ஊர்ல சிரிப்பாங்க லா. படிப்ப மட்டும் இதோட நிறுத்திருங்க. அது போதும்."

"தாராளமா," என்றார் அப்பா கனகராஜ். மகளைக் கேட்கவில்லை.

தட்டு மேசையில் டங்கென்று விழுந்தது.

"எனக்கு மைனர் வேணும்!"

குமுதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னாது?" கருப்பம்மாளின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

"மேஜர் ஏற்கெனவே இருக்கு. மைனரும் சேந்தாத்தான் முழுசாவும்!"

"ஐயையோ, பட்டாளத்துக்காரன் வேறயா? ரெண்டு பேரா?"

கோகிலனுக்குக் கறிபாப் புரையேறியது. இருமி முடித்து, முதல் தடவையாக வாய் திறந்தான். "அது ஆளு இல்லம்மா, பாடம். மேஜர்னா பெரிய பாடம், மைனர்னா சின்ன பாடம்."

"பாடமா?" குமுதா மகளைப் பார்த்தாள். "ஜிப்பா போட்டவன் இல்லையா?"

"எந்த ஜிப்பா? ஸ்டேட்டிஸ்டிக்ஸ்மா! அஞ்சு மணிக்குள்ள பதியணும்!"

"நாலு அம்பத்தஞ்சு," என்று கோகிலன் உதவி செய்தான். கருப்பம்மாள் அவன் தொடையில் கிள்ளினாள்.

குமுதா விறுவிறுவென்று குளிர்பெட்டியைத் திறந்து, வெண்டைக்காய்க்கு அடியிலிருந்து கைப்பேசியை உருவி மகளிடம் நீட்டினாள்.

"குமுதா!" கனகராஜ் அதட்டினார்.

"பதிடி," என்றாள் குமுதா.

திரை பனிபடர்ந்து கிடந்தது. பட்டு முந்தானையால் துடைத்து, சில்லிட்ட திரையைத் தட்டினாள் தினேஸ்வரி. வட்டம் சுற்றியது. சுற்றியது. நாலு ஐம்பத்தெட்டுக்குப் பச்சை எழுத்து வந்தது: இடம் உறுதி.

கருப்பம்மாள் கைப்பையை இடுக்கிக்கொண்டு எழுந்து குமுதாவிடம் திரும்பினாள். "பொம்பளப் பிள்ளைக்கு இவ்ளோ படிப்பு எதுக்கு? ஏம்மா, நீ என்னா படிச்சுக் கிழிச்சிட்டுக் கழுத்த நீட்டுன? குடும்பம் நடத்தலியா?"

"ஃபார்ம் திரீ, ஒம்பதாங் கிளாசுக்கா. கணக்குல நான்தான் மொத ஆளு. பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது ரப்பர் தோட்டத்துக் கோயில்ல வெச்சுத் தாலி கட்டிட்டாங்க."

தினேஸ்வரி நிமிர்ந்தாள். "பதினெட்டுல கட்டுனேன்னுதான சொன்னம்மா?"

"பதினெட்டுல ரெஜிஸ்டர்தான் பண்ணாங்க. உங்கக்கா துளசிக்கு இப்ப முப்பது. எனக்கு நாப்பத்தாறு. கழிச்சுப் பாரு."

கணிதம் படிக்கும் பெண் சொந்த வீட்டுக்குள் இதுவரை போட்டுப் பார்க்காத கழித்தல் அது. போட்டாள். வயிற்றில் சுமந்த பத்து மாதத்தையும் சேர்த்துக் கழித்தாள். விடை வந்ததும் அப்பாவைப் பார்த்தாள். கனகராஜ் தரையைப் பார்த்தார்.

"பதினஞ்சு," என்றாள் குமுதா.